நாற்பத்தொரு மில்லிமீட்டர் மஞ்சள் மழை

போன சித்திரையில், உச்சி வெயில் நேரத்தில், ஒரு கைக்குட்டை அளவுக்குக்கூட மேகம் இல்லாத வானத்துக்குக் கீழே, எங்கள் ஊமத்தம்பாளையத்தில் மஞ்சள் நிறத்தில் மழை பெய்தது. நான்கே நிமிஷம். நாற்பத்தொரு மில்லிமீட்டர். பெய்த இடத்தின் அகலம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. தட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு துளி விழவில்லை, அந்தப் பக்கமும் ஒரு துளி விழவில்லை.

நம்ப மாட்டீர்கள். என் வீட்டுக்காரியே நம்பவில்லை. முப்பத்தொரு வருஷம் மழையை அளந்து சம்பளம் வாங்கியவன் நான். பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் கம்பி வேலிக்குள் நிற்கிற மழைமானியைக் காலை எட்டரை மணிக்குத் திறந்து பார்த்து, குறித்து, மேலே அனுப்புவதுதான் வேலை. மழைமானிக்குள் ஒரு தவளை குடித்தனம் நடத்திப் பேரன் பேத்தி எடுத்ததை நான்தான் பார்த்தேன். ஒரு ஐப்பசியில் அளவுக்குடுவை போதாமல் மாமனார் வீட்டு அண்டாவை இரவல் வாங்கி அளந்தேன். இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில் வானிலை ஆபீசுக்கும் எனக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு ஆளைப் போடாமல் ஓர் இயந்திரத்தைப் போட்டார்கள். அதே மேடை, அதே வேலி. உள்ளே தானியங்கி மழைமானி. விழுகிற தண்ணீரை அதுவே அளந்து அதுவே ஆபீசுக்குச் சொல்லிவிடும். தவளை பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

போன வருஷம் அதற்குச் சொல்லவும் ஒன்றும் இல்லை. ஐப்பசியில் வரவேண்டிய மழை வரவில்லை, சித்திரை மழையும் வரவில்லை. கிழக்குத் தோட்டத்துக்காரர் ஆயிரத்து இருநூறு அடிக்கு போர் போட்டார். புகைதான் வந்தது. இன்னும் நூறு அடி இறங்கியிருந்தால், எதற்கு எங்கள் ஊர்த் தரையைக் கீழேயிருந்து குடைகிறாய் என்று அமெரிக்காக்காரன் கேட்டிருப்பான். கிளுவை வேலியில் உட்கார்ந்த காக்கை வாயைத் திறந்தால் மூட மறந்துவிட்டது. பைப்பில் நல்ல தண்ணி பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் பாம்பு சீறுகிற மாதிரி அரை மணி நேரம் காற்று வந்த பிறகு.

ஆனால் செல்போனில் தினமும் சாயங்காலம் வானிலை அறிக்கை மட்டும் தவறாமல் வந்தது. என் பக்கத்து வீட்டு ஐயாசாமியின் மகள் அன்புக்கரசி காந்திபுரத்தில் துணிக்கடையில் நிற்கிறவள். டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே உரக்கப் படித்துக்கொண்டு வருவாள்.

"அடுத்த ஐந்து தினங்களுக்கு மேற்கு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்..."

ஐயாசாமிக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏனுங் சார், இந்த ஓரிரு எடம், ஓரிரு எடம்ங்கறானுங்களே, அது எந்த ஊருங்? பஸ்ஸு போகுதுங்ளா அங்க? போகுதுன்னாச் சொல்லுங், எருமையவும் ஓட்டிக்கிட்டு அங்கயே குடி போயர்றனுங்."

"ரெண்டு எடத்துல ஒண்ணு கடலுக்குள்ள இருக்குது ஐயாசாமி. இன்னொண்ணு எந்த எடம்னு முப்பத்தொரு வருசமா நானும் தேடறேன்."

"உங்களுக்கு எகத்தாளம். எனக்கு வயிறு எரியுது."

எரியத்தான் செய்யும். அவனுடைய அப்பனும் பாட்டனும் ஊர்த் தோட்டங்களில் பண்ணையாளாக இருந்தவர்கள். சொந்தமாக ஒரு கோழி வைத்துக்கொள்ளக்கூட யாரையாவது கேட்கவேண்டியிருந்த காலம் அது. ஐயாசாமி பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பவுண்டரியில் மணல் தள்ளுகிறான். அவன் மூச்சு முட்டத் தள்ளிய மணலும், அன்புக்கரசி துணிக்கடையில் உட்காராமல் நின்ற இரண்டு வருஷமும் சேர்ந்துதான் அந்த எருமை. பெயர் காரி. ஏழு மாதச் சினை. ஆடியில் கன்று போட்டுவிட்டால், அந்த வீட்டில் மூன்று தலைமுறையில் முதல் தடவையாகச் சொந்த மாட்டுப் பால்.

ஆடி வரைக்கும் அதன் வாய்க்கு என்ன போடுவது? சோளத்தட்டுப் போர் மாசியிலேயே தீர்ந்துவிட்டது. ஐயாசாமி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய், கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலையைச் சாக்கில் அள்ளிக்கொண்டு பஸ்ஸில் வருவான். கண்டக்டர் தினமும் சண்டை. "டிக்கெட்டு உனக்கா, உன்ற மூட்டைக்கா?" என்பார். "ரெண்டுல எது நாறுதோ அதுக்குக் குடுங்" என்பான் இவன்.

அந்த நிலைமையில்தான் செய்தி வந்தது. வருகிற புதன்கிழமை எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் வறட்சித் தீவன முகாம். சுற்றியுள்ள எட்டு ஊர் மாடுகளுக்கும் மழை வருகிற வரையில் வைக்கோல் கொடுப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை. முந்தைய இருபத்தொரு நாளில் எங்கள் ஊர் மழைமானியில் பத்து மில்லிமீட்டருக்கு மேல் பதிவாகியிருக்கக் கூடாது.

"அட, அதுக்கென்னுங் சார்!" என்று ஐயாசாமி சிரித்தான். ஆறு மாதத்தில் அவன் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். "இருவத்தொரு நாளா? இருவத்தொரு வாரமா அது எச்சில்கூட முழுங்குலீங்."

முகாமுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடிப் பிள்ளையாருக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவாகியிருந்தது. மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் செய்வதுதான். வாசலை அடைத்துப் பிள்ளையாரைக் கழுத்து வரை தண்ணீரில் உட்காரவைத்தால், மூச்சு முட்டி மழையை அனுப்புவார். வழக்கமாக நூற்றெட்டுக் குடம். இந்த வருஷம் குடத்துக்கு எங்கே போவது? கோயில் வாசலில் பெரிய ரகளை.

"உப்புத் தண்ணிய வாத்தா ஆகாதா?" என்றார் ஒருவர்.

"சாமி உப்பு மழையா அனுப்பிச்சுப்போட்டா என்னுங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள் கருப்பாத்தாள், ஐயாசாமியின் வீட்டுக்காரி.

கடைசியில் வீட்டுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணி போதும் என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டு, நூற்றெட்டுச் சொம்பு. பிள்ளையாருக்குக் கணுக்கால்கூட நனையவில்லை. பொரியை வாங்கிக்கொண்டு எல்லோரும் நிழல் தேடி ஓடிவிட்டோம்.

திங்கட்கிழமை காலையில் வந்த மழைப் பதிவு அறிக்கையை அன்புக்கரசி படித்தாள். பாதியில் குரல் நின்றுவிட்டது. ஏதோ கெட்ட சேதி என்று நான் வேலி ஓரத்துக்கு ஓடினேன்.

"கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில், அதிகபட்சமாக ஊமத்தம்பாளையத்தில் நாற்பத்தொரு மில்லிமீட்டர்..."

"எங்க?" என்றான் ஐயாசாமி.

"ஊமத்தம்பாளையத்துலதானுங்ப்பா."

"நம்மூர்லயா?"

"வேற எங்கப்பா இருக்குது இந்தப் பேர்ல ஊரு?"

அவன் வெளியே வந்து வானத்தைப் பார்த்தான். மண்ணைக் காலால் சீண்டினான். புழுதி முழங்கால் வரை எழும்பியது. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், மழையை நான் என் வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்ட மாதிரி.

பல்லடம் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் கருப்பாத்தாளின் தங்கை மயிலாத்தாள் ஒன்பது மணிக்குப் போன் செய்துவிட்டாள். அவள் பேசினால் போன் தேவையே இல்லை. எனக்கே கேட்டது.

"ஏனக்கா, உங்களுக்கு நாப்பத்தொண்ணாமா! ஒரு வார்த்த சொன்னியா நீயி? கூடப் பொறந்தவகிட்டயே மழைய ஒளிச்சு வெச்சுக்கிட்டியே!"

"அடியே, இங்க ஒரு பொட்டுத் தண்ணி உளுகுலடி!"

"பேப்பர்காரன் பொய் சொல்றான், நீ நெசம் சொல்றியாக்கும்? இருக்கட்டும், இருக்கட்டும். புல்லு மொளச்சிருக்குமல்ல, நாளானிக்கு ஏழு ஆட்ட ஓட்டிக்கிட்டு வாரேன். ரெண்டு நாளு மேயட்டும்."

பத்து மணிக்கு இன்னொரு செய்தி. எங்கள் ஊரில் நல்ல மழை பெய்துவிட்டபடியால், தீவன முகாம் வேறு வட்டாரத்துக்கு மாற்றப்படுகிறது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கருப்பாத்தாள் அரிசியும் பருப்பும் சோறு ஆக்கியிருந்தாள். தண்ணீர்ப் பஞ்சம் தொடங்கியதிலிருந்து தினமும் அதுதான். ஒரே சட்டி, கழுவுகிற வேலை மிச்சம். ஏதோ கல்யாணத்தில் மிஞ்சிய பாக்குமட்டைத் தட்டில்தான் சாப்பாடு, அதுவும் கழுவ வேண்டாம் என்பதற்காக. ஐயாசாமி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"மாட்டுத் தரகனுக்குச் சொல்லிப்போட்டனுங் சார். வெள்ளிக்கெழம பொழுதோட ஆறு மணிக்கு வண்டி வருது. சனிக்கெழம சந்தை."

சித்திரை மாதத்துச் சந்தையில் எருமையைப் பாலுக்கு வாங்க யாரும் வரமாட்டார்கள். எந்த லாரியில் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். சினை என்று சொன்னாலும் லாரிக்குக் காது கேட்காது. அன்புக்கரசி அதனால்தான் அன்றைக்கு வேலைக்குப் போகாமல், காரிக்குப் பக்கத்தில் நின்று, இல்லாத ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு சந்தேகம் மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. மழைமானியின் வாய் இருபது சென்டிமீட்டர் அகலம். அதற்குள் ஒன்றேகால் லிட்டருக்குச் சற்று மேலே தண்ணீர் விழுந்தால் நாற்பத்தொரு மில்லிமீட்டர் காட்டும். ஒன்றேகால் லிட்டர் என்பது எவ்வளவு? என் கண் தானாகவே கருப்பாத்தாளின் பித்தளைச் சொம்புக்குப் போனது.

"அம்மணி, ஞாயித்துக்கெழம சாமிக்கு வாத்தீங்கல்ல, அப்புறம் எங்க போனீங்க?"

"ஊட்டுக்குத்தானுங்ணா."

"நேரா ஊட்டுக்கா?"

"நேராத்தானுங். அந்தக் கவர்மெண்டுக் குண்டானுக்கும் ஒரு சொம்பு வாத்துப்போட்டுப் போனனுங்."

ஐயாசாமி தலையைத் தூக்கினான்.

"எந்தக் குண்டானு?"

"அதானுங், வேலிக்குள்ள வெச்சிருக்கறாங்களே. சாமிக்கு மட்டும் வாத்தாப் போதுமா? மஞ்சத் தண்ணிதான், ரெண்டு வேப்பலை போட்டு. கொஞ்சங் கொஞ்சமா, சிந்தாம வாத்தேன். கதவு கம்பி போட்டுத்தான் கட்டியிருந்துது."

"உன்னைய யாரு அதுக்கு வாக்கச் சொன்னது?" ஐயாசாமி எழுந்தே விட்டான்.

"இந்தண்ணன்தான்!"

"நானா?"

"நீங்கதானுங்ணா! என்ற கல்யாணமான வருசம் இது என்னுங்கன்னு கேட்டனல்ல? இதுதான் அம்மணி மேகத்துக்கு வாயி, இது காஞ்சு போச்சுன்னா மேகத்துக்குப் பேச்சே வராதுன்னு சொல்லிப்போட்டு, இப்ப நானான்னு கேக்கறீங்ளே!"

சொன்னேன்தான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தி, காலை எட்டரை மணிக்கு, புதுப்பெண் ஒருத்தி கேட்ட கேள்விக்கு ஒரு ஜோரில் சொல்லிவைத்தேன். நான் சொன்னவற்றில் எதையுமே யாரும் நம்பாத ஊரில், ஒரே ஒருத்தி ஒரே ஒன்றை நம்பி வைத்திருக்கிறாள்!

ஐயாசாமி தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி எட்டூருத் தீவனத்த ஒட்டுக்கா நிறுத்திப்போட்டாளுங் சார்! இது ஒரு கலெக்டரால முடியுங்ளா? மந்திரியால முடியுங்ளா? அதுவுங் காரி குடிக்க வெச்சிருந்த தண்ணி!"

"சாமியே, நா என்னத்தக் கண்டேன்? வாயின்னா வாயி. காஞ்ச வாய்க்குத் தண்ணி குடுக்கறது தப்பா?"

நான் அங்கிருந்தே ஆபீசுக்குப் போன் போட்டேன். இப்போது மழைமானிகளைக் கவனிப்பவன் ஆல்வின். போத்தனூர்ப் பையன், படித்த இன்ஜினீயர், மரியாதை தெரிந்தவன்.

"தம்பி, அந்த நாப்பத்தொண்ணு மழையில்ல. ஒரு பொம்பள சொம்புல ஊத்துனது."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க ஆபீஸ்ல புதுசா யார் சேந்தாலும் மொத நாளு உங்க தவளைக் கதையத்தான் சொல்றாங்க."

"அந்தத் தவளை நெசம் தம்பி!"

"இதே மாதிரிதான் சார் அதையும் சொன்னீங்களாம்."

புதன், வியாழன் இரண்டு நாளும் விடாமல் போன் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது என் கதைகளில் ஒன்று போலத்தான் கேட்டது. ஆல்வின் ஒரே பதிலைத்தான் சொன்னான். கருவியில் கோளாறு இருந்தால்தான் பதிவை நீக்க முடியும். கடைசியில், என் தொல்லை தாங்காமல், வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டான்.

வந்தபோது மணி நாலே முக்கால். மைதானத்து வேப்பமரத்தில் காரியைக் கட்டியிருந்தார்கள். வண்டி அங்கேதான் வரும். தரகன் சொன்னபடி புதுக் கயிறு போட்டிருந்தான் ஐயாசாமி. ஸ்கூட்டரை நிறுத்திய ஆல்வின், லேப்டாப்பை மேடைமேல் வைத்து ஒயரைச் செருகி, அரை மணி நேரம் தட்டிக்கொண்டே இருந்தான்.

"கருவி கரெக்டா இருக்குது சார். கருவி கரெக்டுன்னா மழையும் கரெக்டு. ஞாயித்துக்கெழம பன்னெண்டு ஏழுக்கு ஆரம்பிச்சு பன்னெண்டு பதினொண்ணுக்கு நின்னிருக்குது. லோக்கலா ஒரு இடி மழை."

"யாருக்குங் லோக்கலு?" என்று கேட்டாள் கருப்பாத்தாள். "பக்கத்துல, அல்லையில நின்னவ நானு. என்ற முந்தானை நனையலீங்."

"சில சமயம் அப்படியும் பெய்யுமுங்க அக்கா. ரோட்டுக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில்."

"ரோட்டுக்கு இந்தப் பக்கம் சரிங் தம்பி. குண்டானுக்கு இந்தப் பக்கமுமா?"

ஆல்வின் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. முப்பத்தொரு வருஷம் பார்த்த சிரிப்பு. அன்றைக்குத்தான் அது வலித்தது.

"தம்பி, மூடியக் கழட்டி வடிகட்டியப் பாரு. அது போதும்" என்றேன்.

சலித்துக்கொண்டே திருகைக் கழற்றினான். புனலுக்கு அடியில் இருக்கிற சல்லடை மஞ்சளாக இருந்தது. அதில் இரண்டு வேப்பிலை, காய்ந்து ஒட்டிக்கொண்டு. விரலால் தொட்டான். மோந்து பார்த்தான். மேலே வானத்தைப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"எலை காத்துல பறந்து வந்திருக்கலாம் சார்."

"மஞ்சளு? அதுவும் பறந்து வந்துதா?" ஐயாசாமிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங் இன்ஜினீயரு, ஊத்திக் காட்டுனா நம்புவீங்களா?"

"டெஸ்ட் மோடுல போட்டுட்டு ஊத்தலாமுங்க. அதே அளவு வந்தா ஆபீஸ்ல மேடத்துகிட்டப் பேசறேன். ஆனா நல்ல தண்ணியா வேணும். உப்புத் தண்ணி உள்ள இருக்கற சின்ன வாளிய அரிச்சுப்போடும்."

நல்ல தண்ணி! அடுத்த தடவை பைப்பில் வர இன்னும் நாலு நாள் இருந்தது. என் வீட்டு டிரம்முக்கு என் வீட்டுக்காரி பூட்டுப் போட்டிருந்தாள். மழைக்கதை சொல்லிக் கேட்டால் திறக்க மாட்டாள். கருப்பாத்தாளின் வீட்டில் அரைக் குடம் கிடந்தது. வண்டி ஏறுமுன் காரிக்குக் காட்ட வைத்திருந்த தண்ணீர்.

"கூடாது" என்றான் ஐயாசாமி. "போகையில அதுக்கு ஒரு வாய் தண்ணியாச்சும் வேணும். ஏற்கெனவே ஒரு சொம்பு இந்தக் குண்டானு குடிச்சுப்போட்டுது."

கருப்பாத்தாள் வீட்டுக்குப் போய்க் குடத்தையும், அதே பித்தளைச் சொம்பையும், ஒரு வாளியையும் கொண்டுவந்தாள். இயந்திரத்துக்கு அடியில் ஒரு துளை உண்டு. அளந்து முடித்த தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போகும். கேட்காமலே அதைக் கண்டுபிடித்து, மேடை ஓரத்தில் வாளியை அண்டக்கொடுத்தாள்.

"அளந்துக்கட்டும். அப்புறம் காரி குடிச்சுக்கட்டும். ஆருக்கு என்ன நட்டம்?"

ஆல்வின் வாளியையும் துளையையும் மாறி மாறிப் பார்த்தான். படித்த படிப்பில் அது வரவில்லை போலிருக்கிறது.

சொம்பு நிறைய மொண்டாள். அன்றைக்குப் போலவே இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, சிந்தாமல் ஊற்றினாள். உள்ளே இருக்கிற சின்ன வாளி நிறைந்து சாய, நிறைந்து சாய, டக், டக், டக் என்று சத்தம். ஐயாசாமி எருமைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்புக்கரசி லேப்டாப்பைப் பார்த்து, அறிக்கை படிக்கிற அதே குரலில் எண்களைப் படித்தாள்.

"பத்து... பதினேழு... இருவத்தெட்டு..."

மைதானத்துக்குள் தரகனின் வண்டி திரும்பியது. ஆரன் அடித்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"முப்பத்தொம்பது... நாப்பது... நாப்பது புள்ளி அஞ்சு..."

சொம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் உதறினாள் கருப்பாத்தாள். டக்.

"நாப்பத்தொண்ணு" என்றாள் அன்புக்கரசி.

வாளியை எடுத்துக்கொண்டு கருப்பாத்தாள் வேப்பமரத்துக்குப் போனாள். காரி ஒரே உறிஞ்சில் நாற்பத்தொரு மில்லிமீட்டரையும் குடித்துவிட்டு, இன்னும் எங்கே என்று வாளியை முட்டியது. தரகன் வண்டியின் பின்கதவை இறக்கினான். ஆல்வின் போனை எடுத்தான். ஒரு கை லேப்டாப்பில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

"மேடம், அந்த ஊமத்தம்பாளையம் ரீடிங்கு... ஊத்துன தண்ணியாமுங் மேடம்."

"யார் சொன்னது? தவளை கேசவனா?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

சென்னகேசவன் என்பது என் பெயர். தவளையை அவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

"அவர்தானுங் மேடம் சொன்னாரு. நா நம்புலீங். இப்ப சல்லடைய என்ற கையால கழட்டிப் பாத்தேன். அளந்தும் பாத்தேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. காகிதம் புரளும் சத்தம். "சரி, பதிவ எடுத்துருங்க. கலெக்டர் ஆபீஸ்ல பேசி வைக்கோல் லாரிய அந்தப் பக்கத்துக்கே திருப்பச் சொல்றேன். திங்கக்கெழம வந்துரும்."

ஐயாசாமி கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். புதுக் கயிறு, அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். அன்புக்கரசி தரகனிடம் போய், "போய்ட்டு வாங்ண்ணா, வண்டி வேண்டாமுங்" என்றாள். அவன் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

"ஆல்வின்," என்றது குரல், "எடுக்கறதுக்குக் காரணம் எழுதணுமே. மேல இருந்து கேப்பாங்க. என்ன எழுதுவீங்க?"

ஆல்வின் வானத்தைப் பார்த்தான். மஞ்சள் ஒட்டிய விரலைப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நடந்ததத்தானுங் மேடம் எழுதணும். உச்சி வெயிலு. மேகம் கெடையாது. மஞ்சக் கலரு. ஒரு தட்டு அகலத்துக்கு, நாலு நிமிசம், நாப்பத்தொரு மில்லிமீட்டர்..." மஞ்சள் விரலைச் சட்டையில் துடைத்தான். "பேஞ்சிருக்குதுங் மேடம்."